இந்த வீடு வாடகைக்கு இல்லை

எதிர்வரிசைக்காரிக்கு,

நேற்று ஆழ்வார்பேட்டையில் மருந்து வாங்கிக்கொண்டு திரும்பும்போது ஒரு வீட்டு கேட்டில் சிலேட்டுப் பலகை தொங்குவதைப் பார்த்தேன். ‘வீடு வாடகைக்கு’ என்று சாக்கட்டியால் எழுதியிருந்தது. எழுதினவருக்கு என்னைப் போலவே இடம் பார்த்து எழுதத் தெரியவில்லை. ‘வீடு’ முக்கால் பலகையை அடைத்துக்கொள்ள, ‘வாடகைக்கு’ கீழ் மூலையில் நசுங்கிக் கிடந்தது. நடுத்தெருவில் நின்று தனியாகச் சிரித்தேன். காய்கறி வண்டிக்காரர் ஒருவர், “இன்னாம்மா, வூடு பாக்கறீங்களா?” என்று கேட்டார். “இல்லேப்பா, ஒரு காலத்துலே நான் பாதி மயிலாப்பூரை வீடு பாக்க வெச்சிருக்கேன்” என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். நீயாக இருந்தால் என்னோடு சேர்ந்து நின்று சிரித்திருப்பாய். நேற்றிலிருந்து உன்னிடம் சொல்ல வேண்டும், சொல்ல வேண்டும் என்று வாய் பரபரக்கிறது. அதனால்தான் இந்தக் காகிதம்.

லஸ் பக்கத்தில் இருந்த நம் சங்கத்துக்கு நான் முதலில் வந்தது கல்யாணமான புதிதில். நம் பெற்றோர் பிறப்பதற்கு முன்பே ஆரம்பித்த சங்கம், எத்தனையோ தேசங்களில் கிளைகள் உள்ள சங்கம் என்று என் கணவர் வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். அவர் அதில் அங்கத்தினர். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குப் பொது விவகார விவாதம். யுத்தம் எப்போது முடியும், முடிந்தால் யார் ஆள்வது, அரிசி ஏன் கிடைக்கவில்லை, எல்லாவற்றையும் அங்கே பேசுவார்கள். எல்லாம் ஆங்கிலத்தில். நான் எட்டாவது வரை தமிழில் படித்தவள். மனைவிமாருக்கென்று விட்டிருந்த பின்வரிசையில் உட்கார்ந்து, பேசுகிறவர்களின் கை அசைவைப் பார்த்தே யாருக்குக் கோபம், யாருக்குக் குஷி என்று ஊகித்துக்கொண்டிருப்பேன்.

அந்தக் கூடத்தின் வழக்கம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. நடுவில் ஒரு பாதை. பிரேரணையை ஆதரிப்பவர்கள் பாதைக்கு வலப்புறம், எதிர்ப்பவர்கள் இடப்புறம். பேச்சைக் கேட்டு மனசு மாறினால் எழுந்து மறுபுறம் போய் உட்காரலாம். ஏன் மாறினாய் என்று யாரும் கேட்கக்கூடாது. கை தூக்குவது கிடையாது; கடைசியில் காரியதரிசி தலைகளை எண்ணுவார். நாற்காலியில் இருப்பதுதான் தலை. நாற்காலி பிடிக்காமல் நிற்கிறவர் கணக்கிலும் வரமாட்டார், பேசவும் முடியாது. பின்வரிசைக்காரிகளான எங்கள் தலைகளும் எண்ணிக்கையில் உண்டு. என் கணவர் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் நான் உட்கார்வேன். எதற்கு என்று தெரியாமலே பல பெரிய விஷயங்களை ஆதரித்திருக்கிறேன்.

நீ வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்த அன்றுதான் அது மாறியது. கச்சேரி ரோட்டுப் பீங்கான் கடைக்காரரின் பெண், கல்லூரியில் படிக்கிறவள் என்று மட்டும் எனக்குத் தெரியும். நீ என் முகத்தைப் பார்த்தாய். பிறகு என் காதுப்பக்கம் சாய்ந்து, “அந்தாளு இன்னா சொல்றாருன்னா மாமி, சண்டை முடிஞ்சதும் எல்லா தேசத்துக்காரங்களும் ஒண்ணா குந்திக்கினு பேசணுமாம். ஜெயிச்சவன் மட்டும் பேசுனா மறுபடியும் சண்டை வருமாம்” என்றாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உன் வீட்டில் உருது, கல்லூரியில் ஆங்கிலம். தமிழ் மட்டும் கடை வாசலிலும் தெருவிலும் கற்றது. உலக சமாதானத்தை அந்தத் தமிழில் நான் கேட்டதேயில்லை. ஆனால் ஒரு வார்த்தைகூடப் புரியாமல் போகவில்லை.

“உனக்கும் எனக்கும் ஒரே வயசு. என்னைப் போய் மாமிங்கறியே” என்று கேட்டேன்.

“மடிசார் கட்டிக்கினா மாமிதான்” என்றாய். கடைசிவரை அப்படித்தான் கூப்பிட்டாய்.

ஒரு வருஷத்துக்கு மேல் நீ என் காதில் பேசினாய். கேட்கக் கேட்க எனக்கும் கருத்து என்று ஒன்று முளைத்தது. ஒரு சனிக்கிழமை, ரேஷன் பற்றிய விவாதத்தில், என் கணவர் வலப்புறம் இருக்க நான் எழுந்து பாதையைக் கடந்து இடப்புறம் போய் உட்கார்ந்தேன். கூடமே திரும்பிப் பார்த்தது. அதற்கப்புறம் எனக்கு ஒரே ஆசைதான். ஒரு தடவையாவது அங்கே எழுந்து நின்று நானே பேச வேண்டும். அதை உன்னிடம் மட்டும் சொன்னேன்.

நான் பாதையைக் கடந்ததால் வந்த வினை, காரியதரிசியின் கண் பின்வரிசைமேல் விழுந்தது. வக்கீலாக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் எப்போதும், கூட்டத்தைத் தொடங்கவும் முடிக்கவும் அடிக்கும் அந்த வெண்கல மணி. “பின்னாலே கிசுகிசுன்னு பேசிண்டிருந்தா முன்னாலே பேசறவா என்ன பண்ணுவா? இனிமே கூடாதும்மா” என்றார்.

நீ பதறவேயில்லை. “முன்னாலே பேசறவங்களே தமிழ்ல பேசிட்டா, நான் பின்னாலே பேச வேண்டியதே இல்லியே சார்” என்றாய்.

“தமிழ்லே கச்சேரி பண்ணலாம், காலட்சேபம் பண்ணலாம். பொது விவகாரம் பண்ண முடியுமோ? யார் வருவா?”

“எத்தினி பேர் வந்தா ஒத்துக்குவீங்க?”

அவர் யோசித்தார். “நாப்பது. கடைசி எண்ணிக்கையிலே நாப்பது தலை நாற்காலியிலே இருக்கணும். ஒண்ணு கொறைஞ்சாலும் தமிழ்ப் பேச்சை அப்புறம் எடுக்கப்படாது. கிசுகிசுப்பும் கிடையாது” என்றார். நீ சரி என்று சொல்லிவிட்டாய். நாற்பது சேராவிட்டால் பேசுவது ஒருபுறம் இருக்கட்டும், கேட்பதும் போய்விடும். பழையபடி கை அசைவைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

விஷயம் தேட நாம் அலைய வேண்டியிருக்கவில்லை. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியாகி, பிறகு எல்லாரும் திரும்பி வந்துகொண்டிருந்த சமயம். திரும்பியவர்களின் பழைய வாடகை வீடுகளில் வேறு குடித்தனங்கள். நாங்களும் அப்படி வந்து, அடுத்த தெருவில் வேறு இடம் பார்த்துக்கொண்டவர்கள்தான். பட்டணத்துக்குத் திரும்பியவர்களுக்கே பழைய வீட்டில் முதல் உரிமை என்று பிரேரணை வைத்தோம். ஆதரித்துப் பேச என் பெயரைக் கொடுத்துவிட்டாய்.

சிக்கல் வந்தது அந்த ஒரு வார்த்தையில். எல்லாப் பிரேரணையும் ‘இந்த ஹவுஸ் கருதுகிறது’ என்றுதான் ஆரம்பிக்க வேண்டும்; விவாதத்துக்குக் கூடியிருக்கிறவர்களுக்கு ஆங்கிலத்தில் அப்படிப் பெயராம். சங்கம் கருதுகிறது என்று போடக்கூடாது. சங்கத்துக்குச் சொந்தமாக எந்தக் கருத்தும் கிடையாது, அது உலகம் முழுக்க உள்ள விதி என்றார் காரியதரிசி. நீ, “சபைன்னு போடலாமே” என்றாய். மயிலாப்பூரில் சபை என்று போர்டு வைத்தால் யார் பாட்டு, யார் பிடில் என்று கேட்டுக்கொண்டு வருவார்கள் என்றேன் நான். மன்றம்? கோர்ட்டென்று நினைத்துப் பயப்படுவார்கள் என்றார் அவர். அவை? “எவை?” என்று கேட்டாய் நீ. அப்போதுதான் எனக்கு அந்த அபாரமான யோசனை வந்தது. எனக்குத் தெரிந்த சொற்ப ஆங்கில வார்த்தைகளில் ஹவுஸும் ஒன்று. “வீடுதானே ஹவுஸ்? வீடுன்னே போட்டுடலாமே!” என்றேன். காரியதரிசிக்குக்கூட அதில் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை.

வாசல் கரும்பலகையில் எழுதும் வேலையும் எனக்குத்தான். கோலம் போட்ட கை. முதல் வரியைத் தாராளமாகப் போட்டுவிட்டேன். ‘இந்த வீடு’ என்று ஒரு வரி. ‘பட்டணம் திரும்பியவர்களுக்கே முதல் உரிமை’ என்று அடுத்த வரி. அதற்குள் பலகை தீர்ந்துவிட்டது. ‘என்று கருதுகிறது’ என்பதை அடி ஓரத்தில் எறும்பு வரிசையாக எழுதி, பக்கத்தில் ‘சனிக்கிழமை மாலை 5 மணி, அனைவரும் வருக’ என்று முடித்தேன். தள்ளி நின்று பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது.

சனிக்கிழமை வந்தது. தமிழ் விவாதம் என்றதும் அங்கத்தினர்களில் பாதிப் பேருக்கு அன்றைக்கென்று ஜலதோஷம். ஐந்து மணிக்கு உன் சொந்தக்காரர்கள், என் சொந்தக்காரர்கள், என் கணவர் எல்லாரையும் சேர்த்தும் இருபத்திரண்டு தலைதான். காரியதரிசி மணியும் கையுமாகக் கதவருகில் நின்றார். அவர் முகத்தில் இருந்த திருப்தியை என்னால் பார்க்க முடியவில்லை.

அப்புறம் ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். தம்பதியாக, குழந்தை குட்டியோடு. உள்ளே வந்தவர்கள் நம்மைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்தார்கள், சுவரைத் தட்டிப் பார்த்தார்கள். ஒரு அம்மாள் ஜன்னல்களை எண்ணினாள். காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் நேராக மேடைக்குப் பின்னால் போய்த் தேடிவிட்டு வந்து, “ஹால் பெர்சாத்தான் கீது. அடுப்பங்கர எங்க கீது?” என்று என்னைக் கேட்டார். கிண்டிப் பக்கம் பட்டறையில் மெக்கானிக்; குடியிருக்கும் வீட்டைப் பழைய குடித்தனக்காரர் திருப்பிக் கேட்கிறார் என்று மனைவியோடு வந்திருந்தார். எனக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. பிறகு ஓடிப்போய் வாசல் பலகையைத் தெருவில் போகிறவர்களின் கண்ணால் படித்தேன். ‘இந்த வீடு பட்டணம் திரும்பியவர்களுக்கே முதல் உரிமை.’ அடி ஓரத்து எறும்புகளை யார் படிப்பார்கள்?

நான் திரும்பி வந்தபோது நீ அவர்களை ஒவ்வொருவராக நாற்காலியில் உட்கார வைத்துக்கொண்டிருந்தாய். “குந்துங்க, குந்துங்க, எல்லாம் விவரமா சொல்லுவாங்க” என்று. என் பக்கம் வந்து, “நாப்பத்தாறு மாமி!” என்றாய்.

“அவாள்லாம் வீடு பாக்க வந்திருக்கா!”

“தெரியும். கடைசியிலே சொல்லிக்கலாம்.”

“வீடில்லாம அலையறவாளை ஏமாத்தி உக்கார வெச்சு நான் பேசணுமா? என்னால முடியாது.”

“இப்ப சொன்னா எழுந்து பூடுவாங்க. அப்பறம் நீ என்னிக்குமே பேச முடியாது. யோசிச்சுக்கோ” என்றாய். உன் கோபம் எனக்குப் புரிந்தது. எனக்காக நீ கூட்டிய கூட்டம் அது. ஆனால் முந்தைய வருஷம் நானும் அப்படித்தான் கைக்குழந்தையோடு ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கியிருந்தேன். போய் மேடைக்கு முன்னால் நின்றேன். இத்தனை நாளாக மனசுக்குள் ஒத்திகை பார்த்த முதல் வாக்கியங்கள் எத்தனையோ இருந்தன. வாயில் வந்தது இதுதான்: “இந்த வீடு வாடகைக்கு இல்லை.”

கூடம் சிரித்தது. போர்டை எழுதினவள் நான்தான், தப்பு என்னுடையது, மன்னிக்க வேண்டும் என்றேன். ஏழு பேர் முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போனார்கள். நீ எண்ணினாய், நானும் எண்ணினேன். முப்பத்தொன்பது. கதவருகில் காரியதரிசியும் எண்ணிவிட்டு மணியை ஒரு தடவை துடைத்துக்கொண்டார்.

மெக்கானிக் மட்டும், “வூடு இல்ல, செரி. வூட்டப் பத்தித்தான பேசப்போறீங்க? கேட்டுட்டுப் போறோம்” என்று மனைவியோடு இடப்புறம் போய் உட்கார்ந்தார். நீ எனக்காக வலப்புறம் முதல் நாற்காலியில் உட்கார்ந்தாய்.

பேசினேன். என்ன பேசினேன் என்று முழுக்க நினைவில்லை. ஒன்று மட்டும் இருக்கிறது. “நாங்க உல்லாசப் பிரயாணம் போகலை. சர்க்கார்லே போங்கோன்னா, போனோம். திரும்பி வந்து எங்காத்து வாசல்லே நின்னா, உள்ளேயிருந்து ஒருத்தி வந்து ‘யார் வேணும்?’னு என்னைக் கேக்கறா. நான் வெச்ச கறிவேப்பிலைச் செடி அவளுக்குப் பின்னாலே நிக்கறது” என்றேன். வலப்புறத்தில் இரண்டு மூன்று பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். என் கணவர் வாயைத் திறந்தது திறந்தபடி உட்கார்ந்திருந்தார்.

அப்புறம் மெக்கானிக் எழுந்தார். “நீங்க பயந்துக்கினு போனீங்க. தப்பே இல்ல, புள்ளகுட்டிக்காரங்க. ஆனா காலியா கெடந்தா வூடு பாழாப் பூடும்மா. மழையில ஒழுவுனப்ப சட்டி வெச்சது யாரு? தெனம் வெளக்கேத்துனது யாரு? நாங்க இருந்தோம். அதனாலதான் நீங்க திரும்பி வர ஒரு வூடு கீது. இப்ப எங்கள எந்திரிச்சுப் போன்னா, நாங்க எந்த ஊருக்குத் திரும்பறது?” என்றார்.

இடப்புறம் கை தட்டியது. கதவருகில் காரியதரிசிக்குப் பொறுக்கவில்லை. அவரும் பட்டணத்தை விட்டுப் போய்த் திரும்பியவர், வீட்டுக்காக அலைந்தவர். “அது எப்படி ஓய் சொல்லலாம்?” என்று ஆரம்பித்தார். “நிக்கறவங்க பேசக்கூடாது சார், விதி” என்றாய் நீ. அந்த மனுஷர் மணியைக் கீழே வைத்துவிட்டு, விடுவிடென்று வலப்புறம் வந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, கால் மணி நேரம் பேசினார். சுத்த மயிலாப்பூர்த் தமிழில், வியர்த்து வழிய. அவரால் நாம் நாற்பதாகிவிட்டோம் என்பது அவருக்கே தோன்றவில்லை.

முடிவுரைக்கு நான் எழுந்தபோது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன். இரண்டு வாக்கியம் பேசியிருப்பேன். நீ எழுந்தாய். புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு, பாதையைக் கடந்து, மெக்கானிக்கின் மனைவிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாய். எப்படியோ பேசி முடித்தேன்.

காரியதரிசி உட்கார்ந்தபடியே எண்ணினார். வலம் பத்தொன்பது, இடம் இருபத்தொன்று. நீ மட்டும் எழுந்திருக்காவிட்டால் இருபதுக்கு இருபது. பிரேரணை தோற்றது. கூட்டிப் பார்த்தபோதுதான் அவருக்கு விஷயம் உறைத்தது. “நாப்பதா? நானும் உக்காந்துண்டிருக்கேனா!” என்று தன் நாற்காலியையே பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, அடுத்த தமிழ் விவாதத்துக்குத் தேதி கேட்டார்.

டிராமுக்கு நிற்கும்போது விதியை மீறி உன்னைக் கேட்டேன். “ஏன் மாறினே?”

“கேக்கக்கூடாது.”

“கேக்கறேன். எனக்காக இத்தனையும் பண்ணிட்டு என்னையே தோக்கடிச்சுட்டியே.”

“அந்தாளு சொன்னது எனக்கு ஞாயமாப் பட்டுச்சு. நாங்க எங்கேயும் போகலியே மாமி. அந்த நாள்ல காலியாக் கெடந்த தெருவைப் பாத்துக்கினு எங்கம்மா அளுதது எனக்குத்தான் தெரியும்” என்றாய். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாய். “உன்னை ஜெயிக்க வெக்கவா கூட்டம் கூட்டுனேன்? பேச வெக்கத்தான். இத்தினி வருசத்துல உன்னை யாருனா எதுத்துப் பேசியிருக்காங்களா? இன்னிக்கு இருபத்தியோரு பேர் எதுத்தாங்க. அதுல நானும் ஒருத்தி. நீ சொன்னதை அம்புட்டு உன்னிப்பாக் கேட்டேன்.”

எனக்குக் கோபம் தீர இரண்டு வாரம் பிடித்தது. தீர்ந்தபோது புரிந்தது. அதுவரை என்னைச் சமர்த்து என்றார்கள், நல்ல கையெழுத்து என்றார்கள்; ‘நீ சொல்வது தப்பு’ என்று யாரும் சொன்னதில்லை. சொல்லும்படி நான் எதையும் சொன்னதில்லை.

மாதக் கடைசிச் சனிக்கிழமை தமிழ் விவாதம் நிலைத்துவிட்டது. ‘வீடு’ மட்டும் மாறவில்லை, தமாஷாகவே ஒட்டிக்கொண்டது. சுதந்திரம் வந்த வருஷம்வரை நீயும் நானும் அநேகமாக எல்லாவற்றிலும் எதிரெதிர் வரிசை. நீ கல்யாணமாகி அடையாறு போனாய், நான் தியாகராய நகர் வந்தேன். நீ கண்ணை மூடும்வரை வாதம் கடிதத்திலும் பிறகு போனிலும் தொடர்ந்தது. உன் பிள்ளைகளின் பெயர் முதற்கொண்டு எனக்கு உன்னோடு அபிப்பிராய பேதம் உண்டு. இத்தனை வருஷத்தில் நான் சந்தோஷமாகக் கழித்த பொழுதுகளை எண்ணினால், பாதி உன்னோடு சண்டை போட்ட பொழுதுகளாகத்தான் இருக்கும்.

இப்போது எங்கள் குடியிருப்புக் கூட்டத்தில் நான் எழுந்தால் எல்லாரும் தலையாட்டுகிறார்கள். தண்ணீர் லாரியைப் பற்றி நான் என்ன சொன்னாலும் “சரிம்மா, அப்படியே செஞ்சுடலாம்” என்கிறார்கள். எனக்கு எரிச்சலாக வருகிறது. போன மாதம் கீழ் வீட்டுக்குப் புதிதாக வந்த பெண், எங்கேயோ இஸ்திரிக் கடை வைத்திருக்கிறவள், தயங்கித் தயங்கி எழுந்து ஏதோ சொன்னாள். வழக்கம்போல எல்லாரும் பாவம் என்று கேட்டுக்கொண்டார்கள். நான் மட்டும் எழுந்து, “நீ சொல்றது தப்பு” என்றேன். அவள் முகம் சிவந்துவிட்டது. “அதெப்படிங்க தப்புன்றீங்க?” என்று பத்து நிமிஷம் பிடிபிடியென்று பிடித்தாள். உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இது ஒன்றுதான். அன்றைக்கு அவள் பேச்சு கூட்டக் குறிப்பு நோட்டில் ஏறியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த மெக்கானிக்குக்கு என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்கு நேற்றுத்தான் தோன்றியது. “நீங்க திரும்பி வர ஒரு வூடு கீது” என்று அவர் வாயாலேயே சொன்னாரே, அந்த ‘நீங்க’ யார்? நாங்கள்தானே? எங்களுக்காகத்தான் காப்பாற்றி வைத்தேன் என்று அவரே ஒப்புக்கொண்டுவிட்டார், பார்த்தாயா? இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் நீ பாதி வழியில் நின்று திரும்பி வந்திருப்பாய்.

வந்திருக்க மாட்டாய் என்றும் தெரியும். “அது அப்டி இல்ல மாமி” என்று நீ ஆரம்பித்திருப்பாய். அதற்கு மேல் நீ என்ன சொல்வாய் என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன், எனக்குப் பிடிபடவில்லை. அதனால் இந்த வாதத்தை நான் முடிக்கப்போவதில்லை. நீ இல்லாமல் ஜெயிக்க எனக்கு இஷ்டமில்லை.